தரைக்கு மேல் தெரியும் பாறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொங்குப் பக்கம் கரடு என்பார்கள், நெல்லைப் பக்கம் பொத்தை என்பார்கள், மற்ற ஊர்களில் மொட்டைப்பாறை, குன்று. மண் மூடாமல் வெளியே தெரியும் பாறையைப் பற்றி வந்த கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாப் பதிலிலும் விரிசல் என்ற சொல் அடிக்கடி வரும். கல்லின் நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் அதன் விரிசல்களைப் பார்க்கப் பழக வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

கேள்வி: இரண்டு ஏக்கர் காட்டின் நடுவில் ஒரு கல் முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது. மார்பளவு உயரம். ஏர் ஓட்டத் தொந்தரவாக இருக்கிறது. ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிடலாமா? (கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயி)

வண்டிக்குச் சொல்லுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது மண்ணில் தனியாக உட்கார்ந்திருக்கும் குண்டுக்கல்லா, அடியிலிருந்து எழும்பி வரும் தாய்ப்பாறையின் தலையா? குண்டுக்கல் என்றால் ஒரு நாள் வேலை. தாய்ப்பாறை என்றால் வண்டி வாடகைதான் ஏறும், கல் அசையாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நிலம் சரியும் பக்கமாகக் கல்லை ஒட்டி இரண்டடி அகலத்தில் மூன்று நான்கு அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். கீழே போகப் போகக் கல்லின் பக்கவாட்டு உள்வாங்கினால் அது குண்டுக்கல். கடப்பாரை அதன் வயிற்றுக்கு அடியில் நுழையும். கீழே போகப் போக வெளியே விரிந்தால் தாய்ப்பாறை. நேர்ச்சுவராக இறங்கினால் இன்னொரு அடையாளம் பாருங்கள். உங்கள் பகுதிப் பாறையில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். நூறு இருநூறு மீட்டருக்குள் வேறு பாறைகள் தெரிந்தால் அவற்றின் வரி எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லின் வரியும் அதே திசை என்றால் அது இடம் மாறாத கல். முற்றிலும் வேறு பக்கம் திரும்பியிருந்தால் எப்போதோ உருண்டு வந்தது. பக்கத்தில் புதிதாக வெட்டிய கிணறு இருந்தால் அதையும் எட்டிப் பாருங்கள். மக்கி உதிரும் சுக்கான் பாறைக்கு நடுவே உருண்டை உருண்டையாகக் கெட்டிக்கல் தெரிந்தால் உங்களுடையதும் அந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சம்மட்டியால் தட்டி ஓசையை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு அது உதவாது. குண்டுக்கல்லும் கணீரென்றுதான் ஒலிக்கும், தாய்ப்பாறையும் அப்படித்தான். பொத்தென்று ஒலித்தால் மேல்தகடு ஒன்று கழன்றிருக்கிறது என்று பொருள், அவ்வளவே.

குண்டுக்கல் பெரிதாக இருந்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் வெடி வைக்க உரிமம் பெற்றவர் வேண்டும், நீங்களாகச் செய்யக் கூடாது. வெடி இல்லாமல் உடைக்கும் சுண்ணாம்புப் பவுடர் கிடைக்கிறது. சுமார் 38 மில்லிமீட்டர் குறுக்களவில், ஓரடிக்கு ஒன்றாக, கல்லின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆழத்துக்குத் துளையிட வேண்டும். 5 கிலோ பவுடருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கரைத்துப் பத்து நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். மறுநாளுக்குள் கல் வாய் பிளந்திருக்கும். தண்ணீர் கூடினால் வேகம் குறைந்து கல் பிளக்காது. வெயில் நேரத்தில் ஊற்றினால் பவுடர் சூடேறித் துளையிலிருந்து பீறிட்டு அடிக்கும். கண் போனவர்கள் இதில்தான் போயிருக்கிறார்கள். கோடையில் சூரியன் இறங்கிய பிறகு ஊற்றுங்கள், கண்ணாடி அணியுங்கள், ஊற்றிய துளையைக் குனிந்து பார்க்காதீர்கள். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைக்கவும் வேண்டாம்.

இந்தப் பவுடர் வேலை செய்யக் கல் நகர ஒரு திறந்த பக்கம் வேண்டும். நாலாபுறமும் இறுகிக் கிடக்கும் தாய்ப்பாறையில் ஊற்றினால் மயிரிழை விரிசல் விழும், விலகாது. உங்களுடையது தாய்ப்பாறை என்றால் விட்டுவிடுங்கள். தானியம் காயப்போட அதைவிட நல்ல களம் கிடைக்காது.

கேள்வி: குன்றுகளின் மேல் யாரோ அடுக்கி வைத்ததுபோல் உருண்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பது எப்படி? வெள்ளத்தில் உருண்டு வந்தவையா? (கல்லூரி மாணவி, வேலூர்)

ஆற்றில் உருண்ட கல் கூழாங்கல்லாகும். குன்றின் உச்சியில் வீடளவு கல்லைக் கொண்டுவந்து வைக்கும் வெள்ளம் எதுவும் இங்கே வந்ததில்லை. அந்தக் கற்கள் நின்ற இடத்திலேயே உருண்டையானவை.

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகிய பாறை இது. மேலே இருந்த சுமை அரித்துப் போகப் போகப் பாறை விரிந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் கிடைமட்டத்திலும் விரிசல் விடும். விரிசல்கள் பாறையைப் பெரிய பெரிய செங்கற்களாகப் பிரித்துவிடும். மழைநீர் அந்த விரிசல் வழியே மண்ணுக்கடியில் இறங்குகிறது. கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற தாது நீர் பட்டுக் களிமண்ணாகிறது. இரும்புத் தாதுக்கள் துருவாகின்றன. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மட்டும் மாறாமல் மணலாக உதிர்கிறது. ஒரு செங்கல்லை எண்ணிப் பாருங்கள். அதன் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. ஆகவே மூலை முதலில் கரையும், பிறகு விளிம்பு, கடைசியாக முகம். சதுரக் கல் உருண்டையாவது இதனால்தான். இவ்வளவும் மண்ணுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பின்னர் உதிர்ந்த மணலையும் களிமண்ணையும் மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் அடுக்கின் வரிசை மாறாமல் வெளியே வருகின்றன.

மாமல்லபுரத்தின் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' இப்படி மிஞ்சி நிற்பதுதான். சுமார் 6 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம், எடை 250 டன் என்று கணக்கிடுகிறார்கள். 1908-இல் ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார், அசையவில்லை என்று அங்கே சொல்வார்கள். இவ்வளவு எடையும் சரிவில் வழுக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடைக்கும் வழுக்குதலுக்கும் நேரடித் தொடர்பில்லை. எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடும், உராய்வும் அதே அளவு கூடும். கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வு சுமார் 30 பாகைச் சரிவு வரை தாங்கிப் பிடிக்கும். பார்க்க வேண்டியது இரண்டே. இரண்டு கல்லும் தொடும் இடத்தின் சரிவு எவ்வளவு? மேல்கல்லின் எடைமையம் அந்தத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறதா? தூரத்திலிருந்து பார்க்கும்போது தொடும் இடம் ஒரு புள்ளிபோலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் தட்டையாக அகன்றிருக்கும்.

மதுரை யானைமலைபோல் விரிசல் அருகிய பாறையில் இந்தக் கதை வேறு மாதிரி நடக்கும். அங்கே நெடுக்கு விரிசல் அதிகம் இல்லாததால் உருண்டைகள் பிரியாது. சுமை நீங்கிய பாறை மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாக, வெங்காயத் தோல்போல உரியும். அந்த வழுவழுப்பான முதுகு அப்படி வந்ததே. கழன்ற தகடு காலடியில் பொத்தென்று ஒலிக்கும். சரிவில் அதன் மேல் நிற்காதீர்கள். பாறை மேல் குப்பை எரிப்பதும் அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். மேல்தோல் மட்டும் சூடேறி விரிந்து, சில்லு சில்லாகத் தெறிக்கும். 573 பாகை செல்சியஸில் வெங்கச்சங்கல் சட்டென்று பருத்துவிடும். விறகுத் தீக்கு அந்தச் சூடு பெரிய காரியமல்ல.

கேள்வி: திருச்சி மலைக்கோட்டை இமயமலையைவிட மூத்தது என்பது உண்மையா?

உண்மை. இந்தியத் துண்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். காவிரிக்குத் தெற்கே உள்ள பாறைகள் கடைசியாகப் பெருஞ்சூடு கண்டதே ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன். சென்னை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் 250 கோடி ஆண்டு அளவில் வயதானவை. ஆனால் பாறையின் வயது வேறு, குன்றின் வயது வேறு. பாறை உருவான காலத்தில் அந்த இடத்தில் மலைக்கோட்டை நின்றுகொண்டிருக்கவில்லை. சுற்றியிருந்தது கரைந்து இது மிஞ்சியது மிகவும் பிந்தைய காலத்தில்.

கேள்வி: என் நிலத்தின் ஓரத்தில் பெரிய பாறை வெளியே தெரிகிறது. போர் போட்டால் தண்ணீர் கிடைக்காது என்று ஒருவர் சொல்கிறார், பாறை வெடிப்பின் மேலேயே போடு என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி? (தருமபுரி மாவட்டம்)

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. உங்கள் ஊர்ப் பாறையின் உடம்பில் தண்ணீர் நிற்கத் துளை கிடையாது. தண்ணீர் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: மேலே மக்கிக் கிடக்கும் சுக்கான் பாறையில், அதற்குக் கீழே கெட்டிப்பாறையின் விரிசல்களில். விரிசலே இல்லாத மொழுக்குப் பாறையின் மேல் போர் போடுவது பணத்தைக் குழியில் கொட்டுவது. ஆனால் அதே பாறையின் அடிவாரம் நல்ல இடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்ட் பரப்புள்ள பாறையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4,000 லிட்டர். ஒரு ஏக்கர் பாறை என்றால் 40,000 லிட்டர். மண்ணில் விழுந்தால் பாதிக்கு மேல் அங்கேயே உறிஞ்சப்படும். பாறையில் விழுந்தது பெரும்பாலும் வழிந்து அடிவாரத்துக்கு வந்து சேரும். பாறைக் குன்றின் காலடியில் நம் முன்னோர் ஊருணி வெட்டியது இந்தக் கணக்கு தெரிந்துதான். பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வரப்புப் போட்டுத் தண்ணீரைத் தேக்கி இறங்க விட்டால் கிணறாக இருந்தாலும் போராக இருந்தாலும் அதற்குத்தான் முதல் பலன்.

இனி விரிசல். வெளியே தெரியும் பாறை உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்த வரைபடம். அதைப் படிக்காமல் கம்பி பிடித்துப் பார்ப்பவரையும் தேங்காய் உருட்டுபவரையும் நம்பிப் பணம் இழப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

முதலில் நீளமாக, நேராக, பாறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும் விரிசல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையளவு கீறல்களை விடுங்கள். ஒவ்வொன்றின் திசையையும் திசைகாட்டியால் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று திசைகளில் கூட்டமாக அமையும். அந்தக் கோடுகளைப் பாறையைத் தாண்டி நிலத்துக்குள் கயிறு கட்டி நீட்டுங்கள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம், அதிலும் மண் ஆழமாக உள்ள இடம், கோடையிலும் மரங்கள் வரிசையாகப் பச்சையாக நிற்கும் இடம் என்றால் அங்கேதான் நம்பிக்கை அதிகம்.

அடுத்துதான் பலரும் தவறுவது. விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே ரிக் வண்டியை நிறுத்துகிறார்கள். விரிசல் நேர்செங்குத்தாக இறங்குவது அபூர்வம், ஒரு பக்கம் சாய்ந்தே போகும். அதன் மேலேயே போட்டால் சில அடிகளில் போர் விரிசலை விட்டு விலகிவிடும். பிறகு ஐநூறு அடி போனாலும் மாவுதான் வரும். விரிசல் சாயும் பக்கமாக நகர்ந்து போட வேண்டும். எவ்வளவு ஆழத்தில் போர் விரிசலைத் தொடும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: நகர்ந்த தூரத்தை, கிடைமட்டத்திலிருந்து அளந்த சாய்வு 30 பாகை என்றால் 0.58-ஆலும், 45 என்றால் 1-ஆலும், 60 என்றால் 1.73-ஆலும், 70 என்றால் 2.75-ஆலும், 80 என்றால் 5.67-ஆலும் பெருக்குங்கள். 60 பாகை சாய்ந்த விரிசலிலிருந்து 60 அடி தள்ளிப் போட்டால் சுமார் 104 அடியில் அதைத் தொடுவீர்கள். 80 பாகை என்றால் அதே 60 அடி தள்ளினால் 340 அடி இறங்க வேண்டும், அதற்கு 20 அடி தள்ளினால் போதும், 113 அடியில் கிடைக்கும். தரை சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. சரிவான நிலத்தில் உயர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கிடைமட்டத் தகடு விரிசல்கள் மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போக அருகியும் இருக்கும். மேலே இருக்கும் சுமை அவற்றை இறுக்கி மூடிவிடுகிறது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற எண்ணம் கடினப்பாறைப் பகுதிக்குப் பொருந்தாமல் போவது இதனால்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வெளிர்நிறப் பாறையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு சுவர்போல ஓடும் கறுப்புக்கல். டைக் என்பார்கள். கறுப்பு கிரானைட் என்ற பெயரில் வெட்டி விற்பது இதைத்தான். விரிசல் குறைந்த டைக் ஒன்று நிலச்சரிவுக்குக் குறுக்கே ஓடினால் நிலத்தடியில் கட்டிய தடுப்பணைபோல வேலை செய்யும். அதன் மேட்டுப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கத்தில் வறளும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கிணறு நிறைந்தும் ஒருவர் கிணறு காய்ந்தும் இருந்தால் நடுவில் கறுப்புக்கல் வரிசை போகிறதா என்று தேடிப் பாருங்கள். டைக் முழுக்க நொறுங்கி விரிசலாக இருந்தால் கதை மாறும், அதுவே தண்ணீர் போகும் வாய்க்காலாகிவிடும்.

போர் போட்ட பிறகு ஒன்று. கேசிங் பைப் சுக்கான் பாறையைத் தாண்டிக் கெட்டிப்பாறையில் இரண்டு மூன்று அடியாவது இறங்கி உட்கார வேண்டும். பாறை வெளியே தெரிகிற நிலம்தானே என்று பைப்பைக் குறைத்தால் மழைக்காலத்தில் சேறும் சாக்கடையும் அந்த இடைவெளி வழியாக உள்ளே இறங்கும்.

கேள்வி: மனையில் பாதிக்குப் பாறை. அஸ்திவாரச் செலவு மிச்சம் என்று மேஸ்திரி சொல்கிறார். நம்பலாமா?

முழு வீடும் பாறையில் உட்கார்ந்தால் நம்பலாம். பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால் அதைவிடச் சங்கடம் இல்லை. மண் பக்கம் சில மில்லிமீட்டர் அமுங்கும், பாறைப் பக்கம் அமுங்காது, இரண்டும் சேரும் கோட்டில் சுவர் பிளக்கும். மண் பக்கத்துத் தூண்களையும் பாறை வரை இறக்குங்கள். முடியாவிட்டால் கட்டடத்தையே அந்தக் கோட்டில் இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்து வடிவமைக்கப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

சரிந்த பாறையின் மேல் நேரடியாகக் கான்கிரீட் ஊற்றக் கூடாது. படி படியாகச் சமதளம் வெட்டி, கழன்ற தகடுகளைத் தட்டிப் பார்த்து நீக்கி, பாறையைக் கழுவி, துளையிட்டுக் கம்பியை நட்டுச் சிமென்ட் கரைசலால் இறுக்கிய பிறகு ஊற்ற வேண்டும். பள்ளங்களை மண் போட்டு நிரப்பாமல் கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள். மழைக்காலத்தில் பாறையின் முதுகை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து வரும். மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் வெட்டாவிட்டால் தரை ஆண்டு முழுதும் ஓதம் காக்கும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம்: பாறையில் உறிஞ்சுகுழி தோண்டாதீர்கள். மண் கழிவுநீரை வடிகட்டும், விரிசல் வடிகட்டாது. அது அப்படியே யாருடைய கிணற்றிலாவது போய்ச் சேரும். மின்சார எர்த் குழியையும் மண் உள்ள பக்கத்திலேயே வையுங்கள், பாறை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாறையில் குழிகள் இருக்கின்றன. பீமன் காலடி என்கிறார்கள். யார் வெட்டியவை?

குழியின் வடிவத்தைப் பாருங்கள். ஒழுங்கற்ற வட்டம், தட்டையான அடி, உள்ளே குடைந்த விளிம்பு என்றால் மழைநீர் தேங்கித் தேங்கி அரித்தது. சிறியதாக இருந்தால் சில நாளில் வற்றும், பெரியதே சுனை. ஆற்றுப்படுகையில் உருளைபோல ஆழமாக, அடியில் கூழாங்கல்லோடு இருந்தால் சுழலில் அந்தக் கல் சுற்றிச் சுற்றித் துளைத்தது. கிண்ணம்போல வழுவழுப்பாகச் சாண் அளவில் இருந்தால் தானியம் குத்திய உரல்குழியாக இருக்கலாம். செவ்வகக் குழிகள் ஒரே கோட்டில் வரிசையாக, சம இடைவெளியில் இருந்தால் ஐயமே வேண்டாம், கல்லைப் பிளக்க ஆப்பு இறக்க வெட்டியவை. பிளக்காமல் விட்டுப்போன வரிசைகளை மாமல்லபுரத்தில் இன்றும் காணலாம். பாறைப் புடவுக்குள் படுக்கைபோல வழவழப்பாகச் செதுக்கித் தலைப்பக்கம் சற்று உயர்த்தியிருந்தால் சமணர் படுக்கையாக இருக்கக் கூடும். மேலே விளிம்பில் மழைநீர் உள்ளே வராமல் காடி வெட்டியிருக்கிறதா, அதன் பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கல் வெட்டவும் கட்டவும் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பக்கத்துக் குன்றுக்கு அழைத்துச் சென்று பாறையைப் படிக்கக் கற்றுத்தர விரும்புகிறேன். என்னென்ன எடுத்துப் போவது, என்ன செய்ய வைப்பது? (அறிவியல் ஆசிரியை, சேலம்)

சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு சில்லு உடைத்தால் பத்தாவது ஆண்டில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. உடைந்த புதுமுகம் பார்க்க வேண்டுமென்றால் சாலை வெட்டிய இடம் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, திசைகாட்டி, அளவுநாடா, பாகைமானி, நூலில் கட்டிய ஒரு நட்டு, பேனா, கோடில்லாத நோட்டு, தண்ணீர் பாட்டில். இவ்வளவே.

முதல் பதினைந்து நிமிடம் யாரும் பாறையைத் தொட வேண்டாம். ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். எங்கே விரிசல், எங்கே வரி, எங்கே மரம், தண்ணீர் எந்தப் பக்கம் வழிந்த தடம். கிட்டே போய்விட்டால் பெரிய வடிவம் கண்ணில் படாது. பிறகு நெருங்கிப் போய்ப் பாறையில் ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமானதும் நிறங்கள் தெளிவாகத் தெரியும். கண்ணாடித் துண்டுபோல மின்னி, ஒழுங்கின்றி உடைந்திருப்பது வெங்கச்சங்கல். தட்டையான முகத்தோடு பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார். நகத்தால் ஏடு ஏடாகப் பெயர்வது காக்காய்ப்பொன்.

சாய்ந்த பரப்பின் மேல் தண்ணீரைச் சொட்டவிட்டால் அது ஓடும் திசையே பரப்பின் சாய்வுத் திசை. அதற்குச் செங்குத்தாகக் கிடைமட்டத்தில் போடும் கோடு பரப்பின் நீள்திசை. பாகைமானியையும் நட்டுக் கட்டிய நூலையும் வைத்துச் சாய்வுக் கோணத்தை அளக்கலாம். "நீள்திசை வடக்கிலிருந்து 40 பாகை கிழக்கு, சாய்வு தென்கிழக்கே 60 பாகை" என்று எழுதப் பழக்குங்கள். ஒரே விரிசலை மூன்று பேர் தனித்தனியே அளக்கட்டும். ஐந்து பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. கஞ்சமலைப் பக்கம் போனால் அங்குள்ள காந்தத் தாதுப் பாறை திசைகாட்டி முள்ளையே இழுத்துவிடும். பாறையின் மேல் வைக்காமல் பல மீட்டர் விலகி நின்று, விரிசலின் நீளத்துக்கு நேராகப் பார்வையை வைத்து அளந்து, முள் இரண்டு இடத்தில் ஒரே அளவு காட்டுகிறதா என்று சரிபாருங்கள். அங்கே இந்தத் தவற்றையே பாடமாக்கலாம். சூரமங்கலத்தை ஒட்டிய மேக்னசைட் பகுதியில் கரிய பாறையை வெள்ளைக் கோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும். விரிசலை வேறொரு தாது வந்து நிரப்பினால் எப்படி இருக்கும் என்று காட்ட அதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. சுரங்க எல்லைக்குள் போகாமல் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

சென்னைப் பக்கம் சுற்றுலா போனால் பரங்கிமலையில் நிறுத்துங்கள். நீலம் பூத்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவியதுபோலத் தெரியும் அந்தக் கல்லுக்கு உலகமெங்கும் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தா புனித ஜான் தேவாலயத்தில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். பக்கத்துப் பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்தார்.

நேரம் காலை ஏழு முதல் பத்து. அதற்குப் பிறகு பாறை கொதிக்கும். செங்குத்துப் பாறையில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் கூச்சலும் வாசனைத் தைலமும் புகையும் கூடாது, முடிந்தால் இடத்தையே மாற்றிவிடுங்கள். பாசி படிந்த ஈரப் பாறை சோப்பைவிட வழுக்கும். கிடக்கும் தகட்டுக் கல்லைப் புரட்ட விடாதீர்கள், அடியில் தேள் இருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புகோஷ் தளத்தில் உங்கள் பகுதிக்கான பாறை வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதைப் பிள்ளைகளுக்குத் திரும்பி வந்த பிறகு காட்டுங்கள். முன்பே காட்டினால் பெயரை மனப்பாடம் செய்வார்கள், பாறையைப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குடைவரைக் கோயில் பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன. ஆசிட் ஊற்றிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று ஊரில் பேசுகிறார்கள்.

தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. மழைநீர் வழியும் தடத்தில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களும் பாசியும் கற்பாசியும் சேர்ந்த படலம். ஆசிட் அதை எடுக்கும், கூடவே ஃபெல்ஸ்பார் மணிகளுக்கு இடையே உள்ள பிடிப்பையும் தளர்த்தும். கழுவிய முகம் சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். தண்ணீர் வழிவது நிற்காத வரை கோடும் திரும்ப வரும். தண்ணீர் உள்ளே வருவதுதான் பிரச்சினை என்றால் பழைய காடி மண்ணடைத்துப் போயிருக்கிறதா என்று பார்த்துக் கையால் சுத்தம் செய்யத் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். சுண்ணாம்பு, பெயிண்ட், மணல் பீய்ச்சிக் கழுவுதல் மூன்றும் எழுத்தை அழித்துவிடும். கல்வெட்டைப் படிக்க வேண்டி விபூதியோ மாவோ சாக்பீஸோ தேய்ப்பதும் வேண்டாம். காலை ஏழு மணிக்கு வெயில் பாறையைப் பக்கவாட்டில் தடவும்போது போங்கள். வெயில் எட்டாத உட்சுவர் என்றால் இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைக் குறுக்கே பாய்ச்சுங்கள். பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அப்படியே படம் எடுத்து அனுப்பினால் போதும்.